ஃபின்மார்க் முதல் மைசூர் வரை: குளிர்நாட்டில் குடியேற்றம் நிலைப்பது எதனால்?

மைசூர் தேவராஜ மொஹல்லாவிலிருந்து கனடாவுக்கோ ஸ்வீடனுக்கோ புறப்படும் பிள்ளைக்கு வீட்டார் செய்யும் ஏற்பாடுகளைப் பார்த்தால், குளிர்நாட்டு வாழ்வைப் பற்றி நாம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். தேவராஜ அர்ஸ் சாலைக் கடைகளில் தடித்த ஜாக்கெட், கம்பளித் தொப்பி, கையுறை வாங்குகிறார்கள். பெட்டியின் மறுபாதியை ரசப்பொடியும் புளிக்காய்ச்சலும் அப்பளமும் நிரப்புகின்றன. ஜனவரி விடியற்காலையில்கூட 16 டிகிரி அளவிலேயே நின்றுவிடும் ஊரில் வளர்ந்த பிள்ளை, உறைபனியில் எப்படிக் காலம் தள்ளும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் தமிழர்கள் உலகின் வடகோடி வரை சென்று குடியேறிய கடந்த அரை நூற்றாண்டு வரலாற்றை அடுக்கிப் பார்க்கும்போது, அந்தக் கவலை பாதி இடம் மாறி நிற்பதாகத் தோன்றுகிறது. குளிரை எதிர்கொள்ளும் வழிகளை வடநாடுகள் தலைமுறைகளாகச் செய்துவைத்திருக்கின்றன. வந்து சேர்ந்தவர் சில மாதங்களில் அவற்றைக் கற்றுக்கொள்கிறார். அவர் அங்கே நிலைப்பதையும் கிளம்பிப் போவதையும் தீர்மானிப்பது வேறொன்று: தான் இன்னார், இன்ன குடும்பத்தவர், இன்னது தெரிந்தவர் என்று அறிந்த மனிதர்கள் அந்த ஊரில் இருக்கிறார்களா என்பது. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க நார்வேயின் வடமுனையிலுள்ள ஃபின்மார்க் பகுதியைவிடத் தகுந்த இடம் கிடையாது. அங்குள்ள ஹம்மர்ஃபெஸ்ட் நகரம் 70 பாகை வட அட்சக்கோட்டுக்கும் மேலே, ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகுதூரம் வடக்கே இருக்கிறது. நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதில்லை. மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை இறுதி வரை மறைவதில்லை. மைசூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் தீவிரம் விளங்கும். ஆனால் குளிரின் கதை இவ்வளவு நேரடியானதன்று. அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் கரையைத் தொட்டுச் செல்வதால் ஃபின்மார்க்கின் கடலோரத் துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறைவதில்லை. ஹம்மர்ஃபெஸ்டின் ஜனவரி மாதச் சராசரி உறைநிலைக்கு நான்கைந்து டிகிரி கீழே. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருக்கும் தலைநகர் ஆஸ்லோவின் சராசரிக்கும் இதற்கும் சில டிகிரிதான் வேறுபாடு. 1886-இல் உறைநிலைக்கு 51 டிகிரிக்கும் கீழே பதிவான காராஷோக் இதே ஃபின்மார்க்கில்தான் இருக்கிறது. ஆனால் அது கடலிலிருந்து விலகிய உள்நாடு. தமிழர்கள் போய்ச் சேர்ந்தது கடலோர ஊர்களுக்கு. அங்கே காற்றும் பனிப்புயலும் இருளும்தான் புதிதாக வந்தவரை முதலில் தாக்குகின்றன.

இலங்கைத் தமிழர் நார்வே சென்ற வழி 1956-இல் திறந்தது. அவ்வாண்டு அந்தோனி ராஜேந்திரம் என்ற யாழ்ப்பாணத் தமிழர் அங்கே போய்ச் சேர்ந்தார். மீன்பிடித் தொழிலைக் கற்று, நார்வே நண்பர்களின் துணையோடு அவர் தொடங்கிய முயற்சியே பிறகு சீநோர் நிறுவனமாக வளர்ந்து, காரைநகரில் படகு கட்டும் தளத்தையும் யாழ்ப்பாணக் கரையோர மக்களுக்கு வேலையையும் தந்தது. அவருடைய தொடர்பால் உறவினரும் ஊராரும் சிறு எண்ணிக்கையில் நார்வே போனார்கள். 1975-இல் நார்வே அரசு தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியபின் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது: மாணவர் விசா. தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல், தங்கிப் படிக்கும் முறையில் இயங்கும் நாட்டுப்புற உயர்பள்ளிகள் ஸ்காண்டிநேவியாவில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. உள்ளூர் மாணவர் குறைந்துபோன வடக்குப் பள்ளிகள் சில தமிழ் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்த வழியோடு அகதி விண்ணப்பமும் சேர்ந்துகொண்டது. அதே காலத்தில் ஃபின்மார்க்கின் மீன் ஆலைகள் ஆளில்லாமல் தவித்தன. உள்ளூர் இளைஞர்கள் படிப்புக்கும் வேறு வேலைக்கும் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு உடனே கூலி வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று சந்தித்ததால், உலகின் வடகோடி மீன்பிடி ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் உருவாயின.

அந்த வேலையைக் கிட்டப்போய்ப் பார்ப்பது பயன்தரும். ஆலைக்குள் வெள்ளை மேலங்கி, ரப்பர் பூட்ஸ், தலையை மூடும் வலை, இரட்டைக் கையுறை. கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் மேசை மீது காட் மீனின் சதைத்துண்டை விரித்தால் முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும்; கத்தி முனையால் அவற்றை எடுத்துவிட்டு, துண்டைச் சீர்செய்து, நகரும் பட்டையில் தள்ள வேண்டும். அடுத்த துண்டு அதற்குள் வந்துவிடும். கையுறைக்குள்ளும் விரல் விறைத்துப் போகும்; நாள் முழுவதும் நின்றபடி இதே அசைவு. யாழ்ப்பாணச் சமூக அடுக்கில் மீன் தொடர்பான வேலை குறிப்பிட்ட சாதியினருக்கு உரியதாக ஒதுக்கப்பட்டு, மற்றவர்களால் தாழ்வாகப் பார்க்கப்பட்டது. ஃபின்மார்க்கில் ஆசிரியர் மகனும் நிலக்கிழார் மகனும் கடலோர மகனும் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டினார்கள். இந்தச் சமநிலை சிறிய விஷயமன்று. அந்த மேசை இவர்களுக்குக் கூலியையும் தொழிற்சங்க உறுப்புரிமையையும் வரி எண்ணையும் வீட்டு வாடகைக்கான வருவாய்ச் சான்றையும் தந்தது. குளிருக்கான தீர்வும் அதோடு சேர்ந்தே வந்தது. நன்றாக அடைக்கப்பட்ட மரவீட்டுக்குள் 20 டிகிரிக்குக் குறையாத சூடு. விடியுமுன் பனியை அள்ளி வழிவிடும் நகராட்சி வண்டி. உடலை ஒட்டிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் இன்னொரு கம்பளி, அதற்கும் மேலே காற்றுப் புகாத அங்கி என்று அடுக்கி உடுத்தும் பழக்கம். வழுக்கும் பனியில் நடக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள். இருட்டில் வண்டியோட்டிக்குத் தெரிய அங்கியில் தொங்கவிடும் ஒளித்தகடு. யாரும் மனவலிமையால் குளிரை வெல்வதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவும் பொதுச் செலவும் அதைச் செய்துவைத்திருக்கின்றன, புதிதாக வந்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

வேலை, வீடு, சூடு மூன்றும் கிடைத்தபின் இவர்கள் நிலைகொண்டுவிட்டார்களா? இங்கேதான் ஆய்வுகள் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கின்றன. அன்னே சிக்ஃபிரிட் கிரோன்செத் என்ற நார்வே மானிடவியலாளர் வடக்கு மீன்பிடி ஊர் ஒன்றில் தமிழ் அகதிகளிடையே நீண்டகாலம் தங்கி ஆராய்ந்து, 2010-இல் அதை ஒரு நூலாக வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட புதிர் இது: தமிழர்கள் உடல் வலி, தலைவலி, களைப்பு என்று உள்ளூர்ச் சுகாதார நிலையத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள், மருத்துவர்களால் பெரும்பாலும் தெளிவான நோய் எதையும் சொல்ல முடியவில்லை. குளிரும் கடினமான ஆலை வேலையும்தான் காரணம் என்று எளிதாக முடித்துவிடலாம். கிரோன்செத் அப்படி முடிக்கவில்லை. உறவு வலையும் சடங்கும் பண்டிகையும் ஒருவருக்கு இன்னார் என்ற இடத்தைக் கொடுத்துவந்த வாழ்க்கை அறுந்துபோய், புதிய ஊரில் அதற்கு ஈடான இடம் கிடைக்காத நிலை உடலில் வலியாக வெளிப்படுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆலையில் தமிழர் நம்பகமான தொழிலாளி என்று பெயர் எடுத்தார். ஆலைக்கு வெளியே அவர் யார், எதில் தேர்ந்தவர், யாருக்கு மாமா, எந்தக் கோயில் திருவிழாவில் எந்த உபயத்துக்கு உரியவர் என்பது எவருக்கும் தெரியாது, கேட்பதற்கும் ஆளில்லை. வலி உண்மையானது. அதற்கான காரணம் தெர்மாமீட்டரில் பதிவாகாத ஒன்றாக இருந்தது.

தொண்ணூறுகளிலிருந்து வடக்கு நார்வேத் தமிழர்களில் பெரும்பாலோர் தெற்கே, குறிப்பாக ஆஸ்லோ பகுதிக்கு, இடம்பெயர்ந்தார்கள். குளிரும் இருளும் துரத்தியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கலாம். இந்த எதிர்வாதத்தில் ஒரு பகுதி சரி. ஆஸ்லோவில் டிசம்பர் கடைசியிலும் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவாவது பகல் உண்டு. அது பெரிய ஆறுதல். ஆனால் குளிரே காரணம் என்றால், கடலோர ஃபின்மார்க்கைப் போலவே உறைநிலைக்குக் கீழே கிடக்கும் ஆஸ்லோவின் ஜனவரி அவர்களுக்கு எந்தத் தீர்வையும் தந்திருக்காது. மேலும், ஃபின்மார்க்கை விட்டுப் போனவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர். அங்கேயே பிறந்து பனியில் வளர்ந்த நார்வேயரும் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால்தான் 1990 முதல் நார்வே அரசு ஃபின்மார்க்கில் வசிப்போருக்கு வருமான வரிச் சலுகையும் கல்விக்கடன் தள்ளுபடியும் கொடுத்துவருகிறது. இருளுக்குப் பழகியவர்களே வெளியேறும் இடத்தில், வெளியேற்றத்துக்கு இருளை மட்டும் காரணம் காட்ட முடியாது. பிள்ளைகளின் மேற்படிப்பு, பல்வகை வேலை, அலுவலகப் பணிக்கு உயரும் வாய்ப்பு ஆகியவை இரு தரப்பையும் தெற்கே இழுத்தன. தமிழருக்கு இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: ஆஸ்லோவில் தமிழ் கற்பிக்கும் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம், முருகன் கோயில், தமிழ்க் கத்தோலிக்கரின் வழிபாடு, திருமணத்துக்குக் கூடும் உறவினர். ஒருவரின் பெயரையும் ஊரையும் கேட்டு விசாரிக்கும் மனிதர்கள் இருந்த இடத்துக்கு அவர்கள் போனார்கள்.

இன்னொரு எதிர்வாதம் உடலியல் வழியாக வருகிறது. கருமையான தோல் கொண்ட வெப்பமண்டல மக்களின் உடல் வடக்கு வெளிச்சத்துக்கு ஏற்றதன்று. ஆகவே இது சமூகத்தின் சிக்கலன்று, உயிரியலின் சிக்கல் என்பார்கள். இதில் மறுக்க முடியாத உண்மை உண்டு. நார்வேயில் வாழும் இலங்கையரையும் இலங்கையில் வாழ்வோரையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வு, நார்வேயில் இருப்போரின் குருதியில் வைட்டமின் டி அளவு வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. நிறமி மிகுந்த தோலில் அந்த வைட்டமின் உருவாக அதிக வெயில் வேண்டும். வடக்கில் அரையாண்டுக் காலம் அதற்குப் போதுமான வெயில் கிடையாது. ஆனால் இந்தக் குறையை நீக்கும் வழி தெளிவானது, மலிவானது: மாத்திரை, அல்லது நார்வேயர் தலைமுறைகளாகக் கரண்டியில் குடித்துவரும் காட் மீன் ஈரல் எண்ணெய். மனநலத்தைப் பொறுத்தவரை, வடக்கு நார்வேயின் ட்ரோம்சோ நகரில் பெருந்தொகையினரிடம் நடந்த நீண்டகால ஆய்வு, குளிர்காலத்தில் தூக்கச் சிக்கல் கூடினாலும் மன உளைச்சல் பொதுவாகக் கூடுவதில்லை என்று கண்டது. அதே நகரில் காரி லீபோவிட்ஸ் நடத்திய ஆய்வு, குளிர்காலத்தை வாய்ப்பாகப் பார்க்கும் மனப்பாங்குக்கும் வாழ்க்கை நிறைவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அப்படியானால் மனப்பாங்கை மாற்றிக்கொண்டால் போதுமே என்று சிலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த முடிவு அவசரமானது. குளிர்காலத்தை விரும்பும் ட்ரோம்சோவாசிக்குப் பனிச்சறுக்கு கற்றுத்தந்த தாத்தாவும், மெழுகுவர்த்தி ஏற்றிய மேசையில் கூடும் நண்பர்களும், மாலையில் பாடப்போகும் குழுவும் இருக்கிறார்கள். மனப்பாங்கு அந்தச் சூழலில் விளைந்தது. இவை எதுவும் இல்லாதவரிடம் மனப்பாங்கை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வது, குறையை அவர்மேலேயே சுமத்துவதாகும்.

மைசூரில் 1929-இல் பிறந்த ஏ.கே. ராமானுஜனின் வாழ்க்கை இந்த வாதத்துக்கு எதிர்த்திசையிலிருந்து சான்று தருகிறது. தந்தை மைசூர்ப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். வீட்டில் தாயோடு தமிழ், தெருவில் கன்னடம், தந்தையின் படிப்பறையில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர். மகாராஜா கல்லூரியில் படித்து, இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் கற்பித்தபின் 1959-இல் அமெரிக்கா சென்றார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1993-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். சிகாகோவின் ஜனவரிச் சராசரியும் ஹம்மர்ஃபெஸ்டைப் போல உறைநிலைக்குக் கீழேதான், ஏரிக்காற்று வேறு. ஆனால் 1962-இல், அங்கே போய்ச் சேர்ந்த புதிதில், அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகையைத் தற்செயலாகக் கண்டெடுத்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். 1967-இல் வெளியான அவருடைய சங்கப்பாடல் மொழிபெயர்ப்பு அந்தக் கண்டெடுப்பின் விளைச்சல். அவருக்கிருந்த வாய்ப்பு அகதித் தொழிலாளிக்கு ஏது, இரண்டையும் ஒப்பிடலாமா என்ற கேள்வி நியாயமானது. ஒப்பீட்டின் பயனே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஏறக்குறைய ஒரே குளிர்; ஒருவருக்கு, அவர் கொண்டுவந்த தமிழையும் கன்னடத்தையும் மதிப்புள்ள அறிவாக ஏற்று, அதற்கு நாற்காலியும் நூலகமும் மாணவர்களும் தந்த நிறுவனம் வாய்த்தது. மற்றவர்களின் கைகளை மட்டும் ஆலை கேட்டது. அவர்கள் கொண்டுவந்த மீதி அனைத்தும் கதவுக்கு வெளியே நின்றது.

மைசூர் மாவட்டத்திலேயே இதன் மறுபுறமும் இருக்கிறது. திபெத்தின் உயர்ந்த பீடபூமியிலிருந்து வந்த அகதிகளுக்கு, 1960களின் தொடக்கத்தில், அன்றைய மைசூர் மாநில அரசு பெரியபட்டணம் அருகே பைலகுப்பையில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் காட்டு நிலம் கொடுத்தது. குளிரில் வாழ்ந்த உடல்களுக்கு இங்குள்ள வெயிலும் ஈரமும் புதுநோய்களும் பெருஞ்சோதனையாக இருந்தன. காடு திருத்தும்போது யானைகளும் வந்தன, முதல் ஆண்டுகளில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. அவர்கள் இன்று வரை நிலைத்திருப்பதற்கு உடல் பழகியது ஒரு காரணம் மட்டுமே. உழுவதற்கு நிலம், மக்காச்சோளத்தை விற்கக் கூட்டுறவுச் சங்கம், பிள்ளைகளுக்குத் திபெத்திய மொழியும் சேர்ந்த பள்ளி, 1963-இல் தொடங்கப்பட்ட நம்ட்ரோலிங் மடாலயம் ஆகியவை ஒன்றாக அமைந்தன. குளிர்காலம் தோறும் இந்திய நகரங்களில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியரை நாம் எல்லாரும் அறிவோம். அந்த வாணிகம் அவர்களுக்கு ஊராரிடையே ஒரு முகத்தையும் தந்தது. வெப்பத்திலிருந்து குளிருக்குப் போனவர்கள் கதையும் குளிரிலிருந்து வெப்பத்துக்கு வந்தவர்கள் கதையும் ஒரே முடிவைச் சொல்லும்போது, தட்பவெப்பத்தை மூல காரணமாகக் கொள்வது கடினம்.

கடைசியாக ஒரு கனமான எதிர்வாதம். தமிழர் தமக்கென்று கோயிலும் பள்ளியும் கட்டிக்கொண்டு கூடிவாழ்ந்தால், வந்த நாட்டோடு ஒட்டாமல் போய்விட மாட்டார்களா? சொந்த அமைப்புகளுக்குள் அரசியல் நெருக்கடியும் குழுப்பிளவும் ஊர்வாய் அச்சமும் உண்டு என்பதை ஓய்விந்த் ஃபுக்லெருட் போன்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். போர்க்காலத்தில் அவற்றிலிருந்து விலகி நிற்பது பலருக்கு எளிதாக இருக்கவில்லை. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒட்டாமல் போனார்களா என்பதற்குப் புள்ளிவிவரம் வேறு விடை சொல்கிறது. நார்வேயின் புள்ளியியல் துறை நடத்திய ஆய்வுகளில், அகதிப் பின்னணி கொண்ட குழுக்களில் இலங்கையர் வேலையில் இருப்போர் விகிதத்திலும் சொந்த வீடு வைத்திருப்போர் விகிதத்திலும் முன்வரிசையில் வருகிறார்கள். நார்வேயில் பிறந்த அவர்களின் பிள்ளைகள் பெரும்பான்மை இளைஞரைவிட உயர்ந்த விகிதத்தில் உயர்கல்விக்குப் போகிறார்கள். மூன்று வயதில் ஹம்மர்ஃபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்ட கம்சாயினி குணரத்தினம் 2015-இல் ஆஸ்லோவின் துணை மேயரானார், 2021-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். இந்த எதிர்வாதத்துக்கு விடை காண மைசூர் வாசகருக்கு நார்வேகூடத் தேவையில்லை. மண்டயம், ஹெப்பார் ஐயங்கார்கள் பல நூற்றாண்டுகளாக வீட்டில் தங்கள் தமிழைப் பேசிக்கொண்டே கன்னட நாட்டில் வாழ்கிறார்கள். அத்தகைய தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதையின் முன்னோடியாகி, 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு பெற்றார். மேல்கோட்டையில் பிறந்த பு.தி.நரசிம்மாச்சார் கன்னடக் கவிதையின் பெருங்கவிகளில் ஒருவர். வீட்டுமொழி பாதுகாப்பாக இருந்தது அவர்களைத் தெருமொழியிலிருந்து விலக்கவில்லை. அந்த மொழியில் நம்பிக்கையோடு பேச அது துணையாகவே நின்றது.

இத்தனையும் சேர்ந்து நடைமுறைக்குச் சொல்வது என்ன? புறப்படுகிறவர் ஜாக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் குளிருக்குத் தகுந்தது அந்த ஊர்க் கடையில்தான் கிடைக்கும். இங்கிருக்கும்போதே தொடங்க வேண்டியது அந்த நாட்டு மொழி. பணியிடத்தில் ஆங்கிலம் போதும் என்பது உண்மையாகவே இருந்தாலும், பக்கத்து வீட்டு முதியவரிடமும் பிள்ளையின் பள்ளியிலும் ஆங்கிலத்தால் வேலைக்கு வந்த விருந்தாளியாகத்தான் இருக்க முடியும். போன முதல் குளிர்காலத்திலேயே மாலை நேரத்துக்கு ஓர் இடம் தேடிக்கொள்வது அடுத்தது: பாடற்குழு, கிரிக்கெட் அணி, நூலகத்தின் உரையாடல் வட்டம், தமிழ்ப்பள்ளி எதுவாயினும் சரி. வசந்தத்தில் குடியிருப்பார் எல்லாரும் சேர்ந்து வளாகத்தைக் கூட்டி, வேலி திருத்தி, முடிவில் ஒன்றாகச் சாப்பிடும் வழக்கம் நார்வேயில் உண்டு. அதற்குத் தவறாமல் போகிறவரின் பெயர் ஓராண்டில் அந்தக் கட்டடம் முழுவதற்கும் தெரிந்துவிடும். ஆனால் பொறுப்பு முழுவதையும் வந்தவர் தலையில் வைப்பது முறையாகாது. ஃபின்மார்க் ஊர்கள் தமிழருக்கு வேலையும் வீடும் சூடும் கொடுத்தன. அவர்களின் பட்டப்படிப்புக்கு ஏற்ற பதவியும் பண்டிகைக்கு ஒரு மண்டபமும் ஊர்ச்சபையில் ஒரு குரலும் கூடக் கொடுத்திருந்தால், ஆள் தேடி அலைந்த அந்த ஊர்களில் இன்னும் பல குடும்பங்கள் தங்கியிருக்க வாய்ப்புண்டு. குடியேற்றம் கேட்கும் ஊர் எதுவாயினும், வருகிறவர்கள் கொண்டுவரும் கை, அறிவு, மொழி, வழிபாடு எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கத் தயாரா என்று முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கன்னட நாடு தன்னிடம் வந்த தமிழருக்கும் திபெத்தியருக்கும் வெவ்வேறு காலங்களில் அந்த இடத்தைத் தந்து பலன் பெற்றது. வடக்கு நாடுகள் நம் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் உழைப்புக்கு ஈடாக நாம் கேட்க வேண்டியதும் அதுதான்.